வீட்டு வரியில் கோர்ட் கட்டலாமா?

"வீட்டு வரியை இத்தனை ஏற்றினார்களே, அந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் உருப்படியாக ஒரு கோர்ட் கட்டடம் கட்டக்கூடாதா?" நம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் ஓரம் காலையில் நடக்கிறவர்கள் பேச்சில் இப்படி ஒரு கேள்வி அவ்வப்போது காதில் விழும். கேட்பவர் அநேகமாக வாடகைத் தகராறுக்கோ செக் திரும்பிய வழக்குக்கோ கோர்ட்டுக்குப் போய், உட்கார இடமில்லாமல் அரை நாள் நின்று, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பியவராக இருப்பார். அவருடைய வருத்தம் நியாயமானது. நல்ல கோர்ட் வேண்டும் என்பதும் நியாயம், கட்டுகிற வரிக்குக் கணக்குக் கேட்பதும் நியாயம். இந்த இரண்டு நியாயத்தையும் ஒரே கேள்வியாகக் கட்டும் இடத்தில்தான் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. ஆற அமர இரண்டு டம்ளர் டீ குடிக்கிற நேரம் இருந்தால் நாம் அதை அவிழ்த்துவிடலாம்.

முதலில், வீட்டு வரி என்று நாம் சொல்வது என்ன? ரசீதில் அதன் பெயர் சொத்து வரி. வசூலிப்பது பெருநகர சென்னை மாநகராட்சி. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபரிலிருந்து மார்ச் வரை இன்னோர் அரையாண்டு என்று வருடத்துக்கு இரண்டு தடவை கட்டுகிறோம். பெசன்ட் நகர் அடையாறு மண்டலத்தில் வருகிறது. மொத்தம் 200 வார்டுகள். இந்த நகரம் முழுவதிலுமாக 13 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் வரிப் பதிவேட்டில் இருக்கின்றன.

வரியை எப்படிப் போடுகிறார்கள்? வீட்டின் விற்பனை விலையை வைத்து என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மையில், அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மாநகராட்சி தன் கணக்கில் ஒரு தொகையை வைத்துக்கொள்கிறது. அதுதான் அடிப்படை. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் உண்டு. 1998-இல் நிர்ணயித்தபோது குடியிருப்புகளுக்கு அது மாதத்துக்கு 60 பைசாவிலிருந்து 2 ரூபாய் 40 பைசா வரை இருந்தது. அதை வீட்டின் பரப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 12-ஆல் பெருக்காமல் 10.92-ஆல் பெருக்குகிறார்கள், கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் செலவுக்கென்று ஒரு பங்கைச் சட்டமே கழித்துவிடுகிறது என்பதால். கட்டடம் பழையதானாலும் சலுகை உண்டு. இப்படி வருவது ஆண்டு வாடகை மதிப்பு. அதில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடுதான் நாம் கட்டும் வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி ஃபிளாட், தெரு விகிதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 2,000. ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். பெசன்ட் நகரில் அந்த அளவு ஃபிளாட்டுக்கு இன்று ஒரு மாத வாடகையே இதைத் தாண்டிவிடும். அதாவது ஒரு மாதத்தில் வருவதை ஒரு வருடத்துக்கு வருவதாகக் கொண்டு வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். சலுகை காட்டுகிறோம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுத்து இப்படி ஆகவில்லை. 1998-க்குப் பிறகு விகிதத்தை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தொடவில்லை என்பது நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். வரியை ஏற்றுகிறவருக்கு ஓட்டுப் போகும் என்ற பயம்தான் பெரும்பகுதி. 2018 ஜூலையில் ஓர் உயர்வு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த தவணைகளில் சரிக்கட்டுவதாகச் சொன்னார்கள். இதற்கிடையே 2016 கடைசியிலிருந்து மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல், மார்ச்சில் ஆர். பிரியா மேயர், ஏப்ரல் தொடக்கத்தில் வரி உயர்வு அறிவிப்பு. புது கவுன்சிலர்கள் வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் மக்கள் தலையில் கூடின வரி ஏறிவிட்டது.

அந்த உயர்வின் அளவைப் பார்ப்போம். சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளுக்கு இவை 25, 50, 75, 100. பெசன்ட் நகர் பழைய எல்லைக்குள் இருப்பதால் நமக்கு முதல் வரிசை. 1,000 சதுர அடிக்காரர் முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியிருந்தால் இப்போது 1,750. பெரிய தனி வீட்டுக்காரர் அதே 1,000 கட்டியிருந்தால் இப்போது 2,500.

150 விழுக்காடு என்று கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஆனால் 1998-க்கும் 2022-க்கும் இடையே 24 ஆண்டுகள். வருடா வருடம் நாலு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் இதே இடத்துக்குத்தான் வந்திருப்போம். 75 விழுக்காட்டுக்கு வருடத்துக்கு இரண்டேகால் சொச்சம் போதும். அப்படி ஏறியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இருபத்து நாலு வருடம் தூங்கவிட்டு ஒரே நாளில் எழுப்பியதால்தான் அடி பலமாக விழுந்தது. தொகை நியாயம், கொடுத்த விதம் தப்பு என்பது என் எண்ணம். இன்னொரு குறையும் உண்டு. 1,200 சதுர அடிக்காரருக்கு 75, 1,210 சதுர அடிக்காரருக்கு 100 என்றால், ஒரு பூஜை அலமாரி வைக்கிற இடத்துக்காக மொத்த வீட்டுக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. படிப்படியாக ஏறுகிற கணக்குப் போட்டிருக்கலாம்.

இப்போது முடிச்சுக்கு வருவோம். "இன்கம் டாக்ஸ் கட்டுகிறேன், ஜிஎஸ்டி கட்டுகிறேன், பெட்ரோலுக்குக் கட்டுகிறேன், இப்போது வீட்டு வரியும் கூட. இத்தனை வாங்கிக்கொண்டு ஒரு கோர்ட் கட்ட முடியாதா?" இப்படிக் கேட்கும்போது நாம் மனதில் ஒரே ஒரு பெரிய கஜானாவை வைத்துக்கொண்டு கேட்கிறோம். எல்லா வரியும் அதில் போய் விழுகிறது, எல்லாச் செலவும் அதிலிருந்து வருகிறது என்று. அரசு என்றால் ஒன்று, அதன் பணப்பை ஒன்று. படித்தவர், படிக்காதவர், ஆடிட்டர் வைத்திருப்பவர், ஏன், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் உட்பட, நம் எல்லோருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லவில்லை.

பழைய வீடுகளில் பாட்டி சமையலறை அலமாரியில் பணம் வைத்திருப்பார். கடுகு டப்பாவில் பால்காரருக்கு, வெந்தய டப்பாவில் பேரன் ஃபீஸுக்கு, மஞ்சள் துணியில் முடிந்தது திருப்பதி உண்டியலுக்கு. வீடு ஒன்றுதான், டப்பா வேறு வேறு. பால்காரர் வந்து நிற்கும்போது வெந்தய டப்பாவைத் திறக்க மாட்டார். நம் வரிகளும் இப்படித்தான் டப்பா டப்பாவாகப் போகின்றன. ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு டப்பாவுக்கும் வெவ்வேறு ஆள் பொறுப்பு.

வருமான வரி டெல்லி டப்பாவுக்குப் போகிறது, அதில் ஒரு பங்கு மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. ஜிஎஸ்டி பில்லைப் பார்த்தால் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு என்று இரண்டு வரிகளில் பிரித்தே போட்டிருப்பார்கள். வண்டிக்குக் கட்டும் சாலை வரி மாநிலத்துக்கு. பத்திரப் பதிவில் கட்டும் 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையில் 2 விழுக்காடு சொத்து கைமாறுவதற்கான மேல்வரி, அது உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது, மற்றது மாநிலத்துக்கு. வீட்டு வரி நேராக மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போய் அங்கேயே தங்குகிறது. தொழில் வரியும் அப்படித்தான்.

ரிப்பன் மாளிகையின் டப்பாவிலிருந்து எது வருகிறது? குப்பை அள்ளுவது, தெரு விளக்கு, உட்புறத் தெருக்கள், மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், கொசு மருந்து, மயானம். எலியட்ஸ் பீச் நடைபாதையும் தெரு விளக்கும் இதில்தான். ஊரூர் குப்பத்துச் சிறு வீட்டிலிருந்து வரும் குறைந்த வரியும், பெசன்ட் அவென்யூப் பக்கத்துப் பெரிய வீட்டிலிருந்து வரும் வரியும் ஒரே இடத்தில் சேர்ந்து, பிறகு 200 வார்டுகளுக்கும் போகின்றன. வீட்டுக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் கூட இதில் வராது. அவை 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதற்கு ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு என்று தனி வரி. சாஸ்திரி நகர் காவல் நிலையம் மாநில அரசுடையது. மாநகரப் பேருந்து மாநிலத்தினுடையது. மெட்ரோ ரயில் மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாக நடத்துவது.

கோர்ட்? அது ரிப்பன் மாளிகைக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாதது. சைதாப்பேட்டையின் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்கும், மாநிலம் முழுக்க இருக்கும் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களுக்கும் கட்டடம், நாற்காலி, ஊழியர் சம்பளம் எல்லாம் மாநில அரசின் பட்ஜெட்டிலிருந்து வருகின்றன. கட்டுவது பொதுப்பணித் துறை. கீழ் நீதிமன்றக் கட்டடங்களுக்கும் நீதிபதிகளின் குடியிருப்புகளுக்கும் 1993-94 முதல் ஒரு மத்தியத் திட்டம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. நாம் வழக்குப் போடும்போது ஒட்டும் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பின் பணம் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில டப்பாவில் விழுகிறது.

2022 ஏப்ரலில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மாதத் தொடக்கத்தில் வீட்டு வரி உயர்வு. அதே மாதம் 23-ஆம் தேதி உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு பல மாடி நிர்வாகக் கட்டடத்துக்கு அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி என்.வி. ரமணா அடிக்கல் நாட்டினார், முதல்வர் மு.க. ஸ்டாலினும் இருந்தார். இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் ஒன்றை மற்றொன்றோடு முடிச்சுப் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் நாம் கூடுதலாகக் கட்டிய வீட்டு வரியிலிருந்து ஒரு செங்கல்லும் அந்தக் கட்டடத்துக்குப் போகாது.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? உலகத்தில் வேறு இடங்களில் வீட்டு வரியில்தான் கோர்ட் கட்டுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெசன்ட் நகர்க்காரர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. பல மாநிலங்களில் கோர்ட் கட்டடம், சிறை, ஷெரிஃப் எல்லாம் கவுண்டியின் தலையில். அதன் முக்கிய வருமானம் சொத்து வரி. புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டுமென்றால் கடன் பத்திரம் வெளியிட்டு, அதை வருடா வருடம் சொத்து வரியிலிருந்து அடைப்பார்கள். அந்தக் கடனை வாங்கலாமா என்று மக்களிடமே ஓட்டுக்கு விடுவது வழக்கம்.

டெக்சாஸில் ஆஸ்டின் நகரம் இருக்கும் டிராவிஸ் கவுண்டியில் 2015 நவம்பரில் இப்படி ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. அங்கே உரிமையியல் வழக்குகளை விசாரித்த கோர்ட் கட்டடம் 1931-இல் கட்டியது, இடம் போதவில்லை. புதிதாகக் கட்ட 28.7 கோடி டாலர் கடன் என்று மக்கள் முன் வைத்தார்கள். கட்டடம் தேவை என்பதைப் பெரும்பாலோர் மறுக்கவில்லை. ஊரின் விலை உயர்ந்த நடுப்பகுதியில் ஏன் கட்ட வேண்டும், ஏற்கெனவே வீட்டு வரி கழுத்தை நெரிக்கிறதே என்றார்கள். மிகச் சிறிய வித்தியாசத்தில் திட்டம் தோற்றது. பிறகு வேறு இடத்தில், கடனை வேறு முறையில் திரட்டிக் கட்டினார்கள்.

அந்த ஓட்டெடுப்பு முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்துக்கு இவ்வளவு, உங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு இவ்வளவு கூடும் என்று மக்கள் முன் காகிதத்தில் வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் 2022-இல் யாராவது, "அடையாறு மண்டலத்திலிருந்து இவ்வளவு கூடுதலாக வரும், இன்ன இன்ன வேலைக்குப் போகும்" என்று ஒரு தாளில் அச்சடித்து ரசீதோடு கொடுத்திருந்தால், கோபத்தில் பாதி அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். 2022-23-இல் சொத்து வரி வசூல் 1,500 கோடி ரூபாயைத் தாண்டியது. அது எங்கே போனது என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரிந்த வார்டு அலுவலகம் எத்தனை?

ஆனாலும் அந்த முறை நமக்கு வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டு வரியில் கோர்ட் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெசன்ட் நகர், போட் கிளப், நுங்கம்பாக்கம் எல்லாம் இருக்கும் சென்னையில் கோர்ட்டுகள் குளிர்சாதன வசதியோடு இருக்கும். வீட்டு வரி அதிகம் வராத சிறு ஊர்களில் கூரை ஒழுகும். வேலையிழந்தவர், வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர், கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு அலைகிற பெண், இவர்கள் எல்லாம் கூடுதலாக இருக்கும் பகுதியில்தான் கோர்ட்டும் மோசமாக இருக்கும். தெரு விளக்கு வேறு, நீதி வேறு. தெரு விளக்கின் பயன் அந்தத் தெருவோடு நிற்கிறது, அதனால் அந்த நகரத்தின் வரியில் அது எரிவது சரி. நீதி ஒரு மாநிலத்துக்குள் எல்லோருக்கும் ஒரே தரத்தில் கிடைக்க வேண்டும். ஆகவே மாநிலம் முழுவதிலிருந்தும், ஏன் நாடு முழுவதிலிருந்தும் திரட்டும் பணத்தில் கோர்ட் கட்டுகிற நம் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அதற்குப் போதுமான பணம் ஒதுக்கவில்லை என்பது தனி வழக்கு.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. வீட்டு வரியோடு சேர்த்து ஒரு குறிப்பிட்ட பொதுக் கட்டடத்துக்கென்றே பணம் வாங்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலன் அது. அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகங்களுக்கு. 1,750 ரூபாய் வரி என்றால் 175 ரூபாய் நூலகத்துக்கு. பாட்டியின் மஞ்சள் துணி முடிச்சைப் போல, இதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிந்து வைத்த பணம்.

முடிந்து வைத்தாலும் உண்டியலில் போய்ச் சேர்ந்தால்தான் நேர்த்திக்கடன் தீரும். மாநகராட்சி வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் கொடுப்பதில்லை, கோடிக்கணக்கில் பாக்கி நிற்கிறது என்ற புகார் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. தனி வரி போட்டால் வேலை தானாக நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாளை கோர்ட்டுக்கென்று ஒரு பத்து பைசா போட்டாலும், டப்பாவை எட்டிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அதற்கும் இதே கதிதான்.

பெசன்ட் நகர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் நம் தெருவிலேயே நிற்கிறது. ராஜாஜி பவன். மத்திய அரசு அலுவலகங்கள் நிறைந்த அவ்வளவு பெரிய வளாகம் சொத்து வரி கட்டுவதில்லை. அரசியல் சட்டத்தின் 285-ஆவது பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடக்கூடாது என்கிறது. அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. எந்த அளவுக்கு உள்ளாட்சியின் சேவைகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து, வர வேண்டிய வரியில் 75 விழுக்காடு, 50 விழுக்காடு அல்லது மூன்றில் ஒரு பங்கு. அந்த வளாகத்தின் முன்னாலும் மாநகராட்சித் தெருதான் ஓடுகிறது, அங்கேயும் துப்புரவுப் பணியாளர்கள்தான் பெருக்குகிறார்கள். டப்பாக்கள் வேறு வேறு என்பதன் விலையை இப்படியும் நாம் கொடுக்கிறோம்.

சரி, 2022-இல் வரியை ஏற்றியே தீர வேண்டும் என்று வந்தது எங்கிருந்து? இதில் டெல்லிக்கும் பங்கு இருக்கிறது. 15-ஆவது நிதி ஆணையம் நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் தர ஒரு நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதாரம் வளரும் வேகத்துக்கு வசூலும் வளர வேண்டும் என்று. உன் டப்பாவில் நீயே கொஞ்சம் போட்டால்தான் என் டப்பாவிலிருந்து தருவேன் என்பதுதான் அதன் பொருள். மாநில அரசு அதைக் காரணம் காட்டியது. காரணம் உண்மைதான், முழுக் காரணம் இல்லை. மானியம் இல்லாவிட்டாலும், 1998-இன் விகிதத்தில் 426 சதுர கிலோமீட்டர் நகரத்தைப் பெருக்கித் துடைத்து விளக்குப் போட்டு ஓட்ட முடியாது.

அதற்குப் பிறகு விதிகளும் மாறின. 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் போய், 2023 ஏப்ரலிலிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கெல்லாம் பொதுவான சட்டமும் விதிகளும் வந்தன. வருடா வருடம் வரியைச் சிறிது ஏற்ற அதில் வழி இருக்கிறது. 2024 அக்டோபர் தொடங்கிய அரையாண்டில் 6 விழுக்காடு கூடியது அந்த வழியில்தான். சிறுகச் சிறுக ஏற்றுவதே நல்லது என்று மேலே சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனால் 6 விழுக்காடு வருடா வருடம் தொடர்ந்தால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் மூத்தவர்கள் நிறைந்த நம் பகுதியில் அது சின்ன விஷயமில்லை. வேகம் எவ்வளவு என்று பேசுவதற்கு மக்களுக்கு உரிமை இருக்கிறது.

பேசுவது யாரிடம்? டப்பாக்கள் வேறு என்று தெரிந்துகொண்டதன் பயன் இங்கேதான். தெருவில் குப்பை, வடிகால், விளக்கு, வரி உயர்வு, நூலகப் பாக்கி என்றால் கவுன்சிலரிடமும் அடையாறு மண்டல அலுவலகத்திலும் கேட்க வேண்டும். 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் சிறு பகுதிகளாகப் பிரிந்து, பகுதி சபைக் கூட்டம் நடக்க வேண்டும். கிராம சபை மாதிரி, அந்தப் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளில், முதல் கூட்டங்கள் நடந்தன. நம் வார்டில் அடுத்தது என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது உங்கள் ரசீதையும் எடுத்துப் போங்கள். பரப்பளவு தப்பாகப் பதிவாகியிருக்கிறதா, வாடகைக்கு விட்டதாகப் போட்டிருக்கிறதா என்று அங்கேயே காட்டிக் கேட்கலாம், பிறகு மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். வரி உயர்வை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் உண்டு. ஒரு ரசீதில் இருக்கும் பிழைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

சைதாப்பேட்டையில் நல்ல கோர்ட் வேண்டும் என்றால் கேட்க வேண்டிய ஆள் வேறு. பெசன்ட் நகர் வேளச்சேரி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. வருடா வருடம் மாநில பட்ஜெட் வந்த பிறகு, துறை துறையாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். அதில் நீதி நிர்வாகம் என்று ஒன்று உண்டு. நெடுஞ்சாலைக்கும் மின்சாரத்துக்கும் எழுந்து பேசுகிற உறுப்பினர்கள் அந்த நாளில் அதிகம் எழுவதில்லை, தொகுதியில் யாரும் அவர்களிடம் கோர்ட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்பதால். உட்கார இடமின்றி அரை நாள் நின்று வந்தவர், எத்தனை பேர் நின்றார்கள், கழிப்பறை எப்படி இருந்தது, லிஃப்ட் ஓடியதா, சக்கர நாற்காலியில் வந்தவர் மாடி ஏற முடிந்ததா என்று ஒரு பக்கம் எழுதித் தொகுதி அலுவலகத்தில் கொடுத்தால், அந்த விவாதத்தில் படிப்பதற்கு எம்.எல்.ஏ. கையில் ஒரு தாளாவது இருக்கும்.